துரு தடுக்கக் குழலைக் கருக்கும் ப்ளூயிங்குக்குப் போன துப்பாக்கி ராத்திரி யார் கையில் இருந்தது?

குழித்துறைப் பழைய கை:
நம்பர் பாதி தேய்ந்த அந்த டி.பி.பி.எல். (இரட்டைக்குழல் துப்பாக்கி) இன்னும் கண்ணை உறுத்துகிறது. 12 போர் (குழல் அளவு). மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவருடையது. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது குழல் முழுக்கப் பொடித்துரு. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டார். மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, கறுப்புக் கோட்டிங் போட்டு, அடுப்பில் வைத்து எடுத்திருக்கிறார்கள். பார்க்க லட்சணம்தான். லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்துப் போனால், குழலின் அடித்தட்டில் ஆறு இலக்கத்தில் நாலுதான் தெரிகிறது. ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பவரே அதை அழித்தார் என்று அனுமானம். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

தோவாளை வக்கீல்:
அண்ணாச்சி, நம்பர் ரெண்டாவது தப்பு. முதல் தப்பு பட்டறையில் விட்டு வந்தது. அந்த 1959 ஆயுதச் சட்டத்தில் கைமாற்றம் என்றால் விற்பது மட்டுமில்லை. வாடகை, இரவல், கையை விட்டு உடைமை போவது எல்லாமே கைமாற்றம். 5ஆம் பிரிவில் விற்பனை, கைமாற்றம், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல் எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். கோட்டிங் அடிப்பது பழுதுபார்ப்பா என்று கோர்ட்டில் வாதாடலாம். ராத்திரி பட்டறைக்குள் துப்பாக்கி கிடந்ததற்கு என்ன வாதாடுவீர்கள்? பட்டறைக்காரருக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் 3ஆம் பிரிவு லைசென்ஸும் கிடையாது. 3ஆம் பிரிவு வழக்குக்காவது 39ஆம் பிரிவுப்படி கலெக்டரின் முன்அனுமதி வேண்டும். 5ஆம் பிரிவுக்கு அந்த வேலியும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள்.

களியக்காவிளை:
வக்கீல் சார் ரொம்பப் பயங்காட்டுதாரு. 3ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டுல்லா? உரிமதாரர் எழுதிக் குடுத்தா லைசென்ஸ் இல்லாத ஆளும் ரிப்பேருக்குக் கொண்டு போலாம்.

தோவாளை வக்கீல்:
கொண்டு போகத்தான் அந்த விலக்கு. வைத்துக்கொள்ள இல்லை. ரப்பர் ஷீட் பில்லின் பின்பக்கம் 'என் துப்பாக்கியை இவரிடம் கொடுத்துள்ளேன்' என்று எழுதிய சீட்டு ஒன்று செக்போஸ்ட்டில் சிக்கியது. துப்பாக்கி எண் இல்லை, தேதி இல்லை, எந்தக் கடைக்கு என்றும் இல்லை. அந்த லைசென்ஸ் செல்லுபடியாகும் எல்லை தமிழ்நாடு மட்டும். துப்பாக்கியோ திருவனந்தபுரத்துக் கடைக்குப் புறப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் அந்த லைசென்ஸ் வெறும் காகிதம்.

களியக்காவிளை:
பில்லுக்குப் பின்னாலயா! சரி, ஒத்துக்கிடுதேன்.

கட்டையும் குழலும்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் உள்ள கடையிலேயே கொடுத்து ரிப் (குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை) கழன்று வந்த இரட்டைக்குழல் உண்டு. சூடான ப்ளூயிங் என்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டி, 140 டிகிரி வாக்கில் கொதிப்பது. இரட்டைக்குழலில் குழல்களையும் ரிப்பையும் பிடித்திருப்பது ஈயப் பற்று. அதைக் காஸ்டிக் தின்றுவிடும். தப்பிப் பிழைத்தாலும் ரிப்புக்கு அடியில் தங்கிய உப்பு மாதக்கணக்கில் கசிந்து உள்ளேயிருந்து துரு ஏறும். அலுமினியப் பாகம் இருந்தால் அது தொட்டியிலேயே கரையும். இரட்டைக்குழலுக்குத் துரு ப்ளூயிங்தான் சரி: மருந்து தடவி மெல்லிய துரு படியவிட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஸ்டீல் ஊலால் (மெல்லிய இரும்பு நார்) தேய்த்து, மறுபடி மறுபடி செய்வது. நாள் பிடிக்கும். ஈரப்பதத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்பார்கள். ஆனி மாதத்துக் குலசேகரத்தில் எதற்குப் பெட்டி?

கொடுக்கும் முன் கடைக்காரரின் லைசென்ஸில் பழுதுபார்த்தல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை மட்டும் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். குழல், ஆக்‌ஷன் (குழல் பொருந்தும் இயக்கப் பகுதி), முன்கட்டை இரும்பு, மூன்றிலும் உள்ள எண்களை வெளிச்சத்தைச் சாய்த்துப் படம் எடுங்கள். ரசீதில் எண், போர், என்ன வேலை, தேதி இருக்கட்டும். எண்ணையும் புரூஃப் (குழல் சோதனை) முத்திரையையும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். பாலிஷ் சக்கரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. வேலை அதே கடைக்குள் நடக்குமா, வெளியே பாலிஷ்காரரிடம் போகுமா என்று கேளுங்கள். போகும் என்றால் வக்கீல் சொன்ன 5ஆம் பிரிவு மறுபடி முதலில் இருந்து. தோட்டா ஒன்றுகூடக் கொண்டு போகாதீர்கள். திரும்பி வந்ததும் தோல் உறையில் மாட்டிவைக்காதீர்கள். நம் கடற்காற்றுக்குத் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தேர்தலே வராமல் துரு வரும்.

கொளத்தூர் கிளி:
நான் கேட்க வந்தது ஏர்கன்னுக்கு. மரக்கட்டைக்கு வார்னிஷ் அடிக்கணும், அவ்வளவுதான்.

குழித்துறைப் பழைய கை:
4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸே வேண்டாம், ஆசாரியிடம் தாராளமாகக் கொடுக்கலாம். 5.5 என்றால் அப்படி இல்லை. குழலில் என்ன போட்டிருக்கிறது?

கொளத்தூர் கிளி:
பார்த்துட்டு வாறேன்.