மறுமொழி: கமாண்ட் என்றால் கட்டளையா, தலைமையகமா?

> அமெரிக்கக் கடற்படையின் ‘நேவல் ஸ்பெஷல் வார்ஃபேர் கமாண்ட்’ பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். தலைப்பாகக் ‘கடற்படை சிறப்பு அதிரடிப்படைத் தலைமையகம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா,

கடற்படை சரி, சிறப்பும் சரி. மற்ற இரண்டையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

தலைமையகம் என்பது ஓர் இடம். இந்த அமைப்புக்கும் ஒன்று உண்டு, கலிஃபோர்னியாவில் சான் டியாகோவை ஒட்டிய கொரொனாடோவில். ஆனால் கமாண்ட் என்பது அந்த இடம் அல்ல. ஒரு ரியர் அட்மிரலின் பொறுப்பில் இருக்கும் சீல் என்ற சிறப்புப் போர் வீரர்களின் அணிகள், படகு அணிகள், பயிற்சிப் பள்ளி எல்லாம் சேர்ந்ததுதான் கமாண்ட். உங்கள் தலைப்பை வைத்துக்கொண்டால், முதல் பத்தியிலேயே ‘இத்தலைமையகத்தின் தலைமையகம் கொரொனாடோவில் உள்ளது’ என்று எழுத வேண்டிவரும்.

அதற்காக மொட்டையாகக் ‘கட்டளை’ என்று போடவும் எனக்கு மனம் வரவில்லை. இலங்கைச் செய்திகளில் ‘கிழக்கு கடற்படைக் கட்டளை’ என்று சரளமாக வருகிறது. தமிழ்நாட்டுக் காதுக்கோ கட்டளை என்றால் ஒன்று உத்தரவு, இல்லாவிட்டால் கோயில் கட்டளை. ‘சிறப்புப் போர்க் கட்டளை’ என்று படிக்கும்போது, யாரோ ஒரு புண்ணியவான் போர் நடக்கட்டும் என்று நிலம் எழுதி வைத்தது போலிருக்கிறது. ‘ஆணையம்’ தேர்தலுக்குப் போய்விட்டது. ஆகவே என் முன்மொழிவு ‘கட்டளையகம்’.

எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு விளக்கம் சேர்த்தாக வேண்டும். இந்தக் கட்டளையகம் போர்க்களத்துக்குக் கட்டளை இடுவதில்லை! 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக் கைதிகளை மீட்கப் போன முயற்சி பாலைவனத்திலேயே குலைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஒவ்வொரு படையும் தன் போக்கில் ஆளும் கருவியும் அனுப்பியது சரிப்படவில்லை என்று புரிந்தது. 1986இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1987 ஏப்ரல் 16 அன்று புளோரிடாவின் தாம்பா நகரில் முப்படைக்கும் பொதுவான சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் தொடங்கியது. அதன் கடற்படை அங்கமாகக் கொரொனாடோ அமைப்பும் அதே நாளில் பிறந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, கருவி கொடுப்பது, ஆயத்தமாக அனுப்புவது, இவ்வளவுதான் அதன் வேலை. போன இடத்தில் அவர்களை ஏவுகிறவர் அந்தந்த வட்டாரத்துத் தளபதி. பணமும் இரண்டு வழியில் வருகிறது. சம்பளம் கடற்படையுடையது, இந்த வேலைக்கென்றே வேண்டிய தனிக் கருவிகளுக்குத் தாம்பா தரும்.

2011இல் பின்லாடனைத் தேடிப் போன அணியும் இப்படித்தான். பேச்சுவழக்கில் அதைச் ‘சீல் ஆறு’ என்பார்கள், ஏட்டில் அதன் பெயர் ‘கடற்படைச் சிறப்புப் போர் மேம்பாட்டுக் குழு’. (ஊரக மேம்பாட்டு அலுவலகம் போல அப்பாவியான பெயர்.) வம்சம் கொரொனாடோ, ஏவல் வேறு இடம்.

இனி அதிரடி. இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை. வீரப்பனைத் தேடிய சிறப்பு அதிரடிப்படையால் நமக்கு இந்தச் சொல் ஊறிப்போயிருக்கிறது. அதிர அடிப்பது அதிரடி. இவர்கள் பரம்பரையோ அதிராமல் இருக்கக் கற்றுக்கொண்ட பரம்பரை. 1943 நவம்பரில், இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலின் தராவா தீவில் அமெரிக்கப் படை கரையிறங்கியபோது ஓதம் குறைந்து, படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றுவிட்டன. வீரர்கள் இறங்கி, பல நூறு மீட்டர் தண்ணீரில் நடந்தே குண்டடி பட்டார்கள். கரைக்கு முன்னால் எவ்வளவு ஆழம் என்று யாராவது முன்கூட்டியே நீந்திப் போய் அளந்திருக்க வேண்டும் என்ற ஞானம் அப்புறம் வந்தது. அப்படி உருவானவைதான் நீரடித் தகர்ப்பு அணிகள். நூலும் சிலேட்டும் எடுத்துக்கொண்டு கடலடியை அளந்தவர்கள். 1962 ஜனவரியில் முதல் இரண்டு சீல் அணிகள் இவர்களிலிருந்து வந்தன. 1983இல் மிச்சமிருந்த தகர்ப்பு அணிகளும் சீலோடு கலந்தன. இவர்களுடைய நல்ல இரவு என்பது யாருக்கும் தெரியாமல் போய்த் திரும்பிய இரவு. அதை எப்படி அதிரடி என்பது?

‘சிறப்புப் போர்’ போதும். ‘தனிப்படை’ என்றும் யோசித்தேன், ஆனால் ‘தனிப்படை அமைத்துத் தேடி வருகின்றனர்’ என்று அடுத்த வரி தானாக ஓடுகிறது.

உங்கள் வரைவில் வேறு சிலதும் கண்ணில் பட்டன. குரூப், டீம் இரண்டையும் ‘குழு’ ஆக்கியிருக்கிறீர்கள். குரூப் மேலே, டீம் கீழே. ‘தொகுதி’, ‘அணி’ என்று பிரித்தால் குழப்பம் இராது. அணிகளில் 1, 3, 5, 7 மேற்குக் கரை, 2, 4, 8, 10 கிழக்குக் கரை, வர்ஜீனியாவின் லிட்டில் கிரீக். சீலை முத்திரை என்றும் கடல்நாய் என்றும் ஆக்காமல் விட்டதற்கு நன்றி. கடல், வான், நிலம் என்பதன் சுருக்கம்தானே, அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘சீல் விநியோக வாகனம்’? கூரியர் வண்டி மாதிரி இருக்கிறது. அது உள்ளே கடல்நீர் நிரம்பியே ஓடும் குட்டி மூழ்கி. உள்ளே இருப்பவர்கள் நனைந்தபடி, மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டுதான் போவார்கள். ‘நனைமூழ்கி’ என்றால் என்ன?

* * *

> கட்டளையகம் பரவாயில்லை. ஆனால் ‘அகம்’ போட்டாலும் இடம்தானே? தலைமையகத்துக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும். இன்னொன்று: மறைந்து தாக்குவதுதான் முக்கியம் என்றால், எங்கள் ஈழத்துப் பக்கம் ‘கரந்தடி’ என்று நல்ல சொல் இருக்கிறதே அண்ணை.

முதல் அடி சரியாக விழுந்தது தம்பி. ஒரே சமாதானம், தலைமையகம் இடமாகவே பழகிவிட்ட சொல். கட்டளையகம் இன்னும் பழகவில்லை, நாம் கொடுக்கும் பொருளை அது ஏற்கும். பணியகம் என்பதைக் கட்டடமாக மட்டுமா பார்க்கிறோம்? இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

கரந்தடி அழகான சொல், ஆனால் அது கெரில்லாவுக்குப் போய்விட்டது. இங்கே வேறுபாடு, யார் அனுப்புகிறார்கள் என்பதில். பகைவர் மாடுகளைக் கவர்ந்து வரும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியர் சொன்னதைப் பாருங்கள்: ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’. மாட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் அரசு அனுப்பிய ஆள், அயல் மண், மறைவான வேலை. வெட்சித் துறைகளிலே ‘புடைகெடப் போகிய செலவு’ உண்டு, சுற்றியிருப்பவர் அறியாமல் போவது. அடுத்தது ‘வேய்’, ஒற்று கொண்டுவந்த சேதி. ‘களவுப் போர்’ என்று இன்று வைக்க முடியாது, காவல் நிலையம் நினைவுக்கு வரும். ஆனால் ‘முனைஞர்’? இவர்கள் தங்களை ஆபரேட்டர் என்கிறார்கள், நாம் ‘இயக்குநர்’ என்று எழுதிச் சினிமாக்காரர் ஆக்குகிறோம். அந்த இடத்துக்கு முனைஞர் சும்மா கிடக்கிறதே.

* * *

> தலைப்பைக் ‘கடற்படைச் சிறப்புப் போர்க் கட்டளையகம்’ என்று மாற்றிவிட்டேன். ஏவுவது இங்கிருந்து அல்ல என்ற விளக்கம் இரண்டாம் பத்தியில். நனைமூழ்கி ஏறிவிட்டது, விநியோக வாகனம் ஒன்பது இடத்தில் இருந்தது! முனைஞரை ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். பயிற்சிப் பள்ளிப் பகுதியில், மிகக் கடுமையான அந்த ‘ஹெல் வீக்’கை ‘நரக வாரம்’ என்று எழுதியிருக்கிறேன், அதையாவது விட்டுவிடுங்கள்.

விட்டேன் ஐயா.