டுபாயில் மாறி ஏறுதல்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

ஞாயிற்றுக்கிழமை

ஹரோ அக்கா (லண்டனின் ஹரோவில் இருப்பவர்), மாலை 6.12
அம்மா, உங்கள் பயணச்சீட்டை இன்னொரு முறை பார்த்தேன். கொழும்புக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அதிகாலை 2.55க்குப் புறப்பட்டு டுபாயில் 5.55க்கு இறங்குகிறீர்கள், அங்கிருந்து லண்டன் விமானம் 7.45க்கு. இடையில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஒரு விமானத்திலிருந்து மற்றதற்குப் போகும் வழியைத் தெரிந்தவர்கள் யாராவது அம்மாவுக்கு விளங்கும்படி எழுதிவிடுங்கள்.

சித்தப்பா, மாலை 6.20
அண்ணி, பயப்பட ஒன்றுமில்லை. போன வருடம் நான் போனபோது இறங்கியவுடன் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஓடுபாதைகளைச் சுற்றி மறுபக்கத்துக் கட்டடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நீங்களும் டேர்மினல் 2 என்ற பலகையைப் பார்த்து நடந்து, அந்த பஸ்ஸில் ஏறினால் போதும்.

மச்சாள், மாலை 6.31
மாமா, குறை நினைக்க வேண்டாம், அந்த வழி மாமிக்குச் சரிவராது. நீங்கள் அன்று மாறி ஏறியது ஃபிளைடுபாய் விமானத்தில். அவர்களுடைய பல விமானங்கள் டேர்மினல் 2 இலிருந்து புறப்படுவதால்தான் உங்களுக்குப் பஸ் தேவைப்பட்டது. மாமிக்கு இரண்டு பயணமும் எமிரேற்ஸ், அதாவது இறங்குவதும் ஏறுவதும் டேர்மினல் 3 இல்தான். அவர் மறுபக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் லண்டன் விமானம் போய்விடும்.

அம்மா, மாலை 6.38
தம்பி, 'அந்தப் பஸ்ஸில்' என்று எழுத வேண்டும். மகள், பஸ்ஸில் ஏறவே கூடாதா?

மச்சாள், மாலை 6.52
ஒரே ஒரு பஸ்ஸில் ஏறலாம், மாமி. விமானம் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டால் எல்லோரையும் படியால் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றிக் கட்டடத்துக்குக் கொண்டுவருவார்கள். அதில் தயங்காமல் ஏறுங்கள். உள்ளே வந்த பிறகு வேறு எந்தப் பஸ்ஸும் உங்களுக்குரியது அல்ல.

டேர்மினல் 3 இல் ஏ, பி, சி என மூன்று பெரிய பகுதிகள் உள்ளன. அவற்றைத்தான் கொன்கோர்ஸ் என்கிறார்கள். பியும் சியும் ஒட்டியவை, நடந்தே போகலாம். ஏ தனியாக நிற்கிறது. அதற்கும் பிக்கும் இடையில் நிலத்தடியில் ஒரு ரயில் ஓடுகிறது. ஏயும் பியும் ஒவ்வொன்றும் 900 மீற்றருக்கு மேல் நீளமானவை, காலி முகத்திடலின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போய்த் திரும்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேற் இலக்கத்தின் முதல் எழுத்துத்தான் நீங்கள் போக வேண்டிய பகுதி. சி பகுதியில் இறங்கி ஏ பகுதியில் ஏற வேண்டி வந்தால், முதலில் பி வரை நடந்து பிறகு ரயில் பிடிக்க வேண்டும்.

அம்மா, மாலை 6.57
அந்தக் கோச்சிக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டுமா? சாரதியிடம் எந்த இடம் என்று சொல்ல வேண்டுமா?

மச்சாள், மாலை 7.01
சீட்டும் இல்லை, சாரதியும் இல்லை மாமி. தானாக வந்து நிற்கும், தானாகக் கதவு திறக்கும்.

தம்பி, மாலை 7.04
அம்மா புறப்படுவது எந்தப் பகுதியிலிருந்து என்று இப்போதே சொல்ல முடியாதா?

மச்சாள், மாலை 7.15
ஊகிக்கலாம், அவ்வளவுதான். லண்டனுக்குப் போவது ஏ380 என்ற இரண்டு தட்டு விமானம். அந்த விமானங்களுக்கென்றே ஏ பகுதியைக் கட்டி 2013இல் திறந்தார்கள். ஆனால் அவை பியிலிருந்தும் புறப்படுகின்றன. கட்டுநாயக்காவில் இரண்டு போர்டிங் பாஸும் கையில் தந்தாலும், இரண்டாவதில் கேற் இல்லாமலிருக்கலாம், இருந்தாலும் மாறலாம். ஆகவே இறங்கி, இடைமாறும் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு, முதலில் தென்படும் திரையில் லண்டன் ஹீத்ரோ என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு முன் யார் எந்த எழுத்தைச் சொன்னாலும் நடக்க வேண்டாம், நான் சொன்னாலும்கூட. தண்ணீர்ப் போத்தலைச் சோதனைக்கு முன்பே வெறுமையாக்கிவிடுங்கள். பெட்டிகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். கட்டுநாயக்காவில் ஒட்டும் துண்டில் எல்எச்ஆர் என்று இருந்தால் அவை நேரே ஹீத்ரோவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, அங்கே ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. சத்தம் குறைந்த விமான நிலையமாக நடத்துகிறார்கள். திரையைப் பார்ப்பவருக்குத்தான் விமானம். கேற்றை 20 நிமிடத்துக்கு முன் மூடிவிடுவார்கள், உங்கள் கணக்கில் 7.25.

நான், மாலை 7.22
மச்சாள் சொல்வது உண்மை. நான் ஒருமுறை சரியான கேற்றுக்கு முன்னால் நேரத்தோடு போய் உட்கார்ந்து, புத்தகத்தில் மூழ்கி, கேற் மாறியதைக் கவனிக்காமல் கடைசியில் ஓடியிருக்கிறேன். அம்மாவால் ஓட முடியாது. எனவே இன்று காலையே விமான நிறுவனத்துக்கு அழைத்துச் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிந்துவிட்டேன்.

அம்மா, மாலை 7.24
என்னைக் கேட்காமல் ஏன் பதிந்தாய்? நான் நோயாளி இல்லை. தினமும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்து போய்த் தேங்காயும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

மச்சாள், மாலை 7.33
மாமி, அங்கே ஏழு வருடம் கடையில் நின்றவள் சொல்கிறேன். அது நோயாளிக்கான நாற்காலி என்பதைவிட, வழி தெரிந்த ஓர் ஆள் என்று நினையுங்கள். எந்த மின்தூக்கி ரயிலுக்கு இறங்கும், எந்த வரிசை குறைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாற்காலியில் இருக்க விருப்பமில்லாவிட்டால் பக்கத்தில் நடங்கள்.

அம்மா, மாலை 7.50
நடப்பேன். சம்மதம்.

புதன்கிழமை

அம்மா, காலை 7.50
பிள்ளைகள், விமான நிலைய வைஃபையில் எழுதுகிறேன். என் கைக்கடிகாரத்தில் 7.50 ஆகிவிட்டது. லண்டன் விமானம் 7.45க்குப் போயிருக்க வேண்டும். ஆனால் என்னுடன் வரும் பையன் சிரித்துக்கொண்டு மெதுவாகவே வருகிறான். நான் என்ன செய்வது?

நான், காலை 7.51
அம்மா, அது கொழும்பு நேரம்! டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே இப்போது 6.20தான். கேற் மூட இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது.

மச்சாள், காலை 7.52
நேரத்தைச் சொல்ல மறந்தது என் பிழை, மாமி. கடிகாரத்தை உடனே மாற்றுங்கள். திரையில் எந்த எழுத்து?

அம்மா, காலை 7.56
மாற்றிவிட்டேன். ஏ 14 என்று இருக்கிறது. பி பகுதியில் இறங்கினோம், இப்போது கோச்சிக்காக நிற்கிறோம். நாற்காலியில் என் கைப்பையும் பயற்றம் பணியாரப் பொதியும் இருக்கின்றன. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஹரோ அக்கா, காலை 8.02
நான் நித்திரை கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேற்றுக்குப் போனதும் எழுதுங்கள்.

அம்மா, காலை 8.17
ஏ 14 இன் முன்னால் அமர்ந்திருக்கிறேன். கோச்சியில் சில நிமிடம்தான், இறங்கிய பின் நடந்தது அதைவிடக் கூட. கடைசிப் பாதித் தூரத்துக்கு நாற்காலியில் ஏறிக்கொண்டேன், பொதியை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையன் முதலில் பணியாரம் வேண்டாம் என்றான், பிறகு இரண்டு எடுத்தான். அக்காவுக்கு மிச்சம் இருக்கிறது.