யாழ்ப்பாணத்திலிருந்து நூதனசாலை நீர்மூழ்கிகளோடு றேடியோவில் கதைக்கிறது எப்படி?

வடலி:
வணக்கம். ஜூன் மாதம் நடக்கிற நூதனசாலைக் கப்பல்கள் வார இறுதிக்கு, அதாவது நூதனசாலையாக நிற்கிற பழைய கப்பல்களில் இருந்து றேடியோவில் கதைக்கிற நிகழ்வுக்கு, கொக்குவிலில் இருந்து மூன்று ஹாம்கள் (அமெச்சூர் றேடியோக்காரர்) சேர்ந்து முயற்சி செய்யப்போறம். கப்பல் எது கிடைத்தாலும் சந்தோசம், ஆனால் உண்மையான ஆசை நீர்மூழ்கிகளில்தான். கையில் இருக்கிறது 100 வாற் செற், 6 மீற்றர் உயரத்தில் 20 மீற்றர் அலைவரிசை டைபோல் (நடுவில் கேபிள் பொருத்தின வயர் அன்ரெனா), 30 மீற்றர் நீள ஆர்ஜி-58 அன்ரெனாக் கேபிள்.

கேள்விகள் இவை. எந்த நேரம், எந்த அலைவரிசை? 7.260 மெகாஹேட்ஸ் எண்டு எல்லாரும் சொல்லினம், இங்கே அதில் ஒலிபரப்பு நிலையங்களின் பாட்டும் செய்தியும்தான் கேட்குது. இந்த அன்ரெனா காணுமா? அடுத்தது, முழுக்க இரும்பான ஒரு படகுக்குள் இருந்து அவையள் எப்படி ஒலிபரப்புகினம்? பழைய கடற்படைச் செற்றிலா, புதுசிலா? எங்களோடு பாடசாலைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருப்பினம். அவைக்கு விளங்கப்படுத்த வேணும்.

சோளகம்:
தம்பி, முதலில் நேரத்தைப் பிடியுங்கோ, மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு. நிகழ்வு யுடிசி எனும் சர்வதேச நேரப்படி சனி 00:00 தொடங்கி ஞாயிறு 23:59 வரை. எங்களுக்கு அது சனி காலை 5:30 இலிருந்து திங்கள் காலை 5:29 வரை. ஆனால் படகுகள் 24 மணி நேரமும் இயங்கிறதில்லை. நூதனசாலை திறந்திருக்கிற நேரத்தில்தான் பெரும்பாலான தொண்டர்கள் உள்ளே இருப்பினம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி எங்களுக்கு மாலை 6:30. மேற்குக் கரையில் காலை 9 மணி எங்களுக்கு இரவு 9:30. மேற்கில் மாலை 5 மணிக்குக் கதவு பூட்டுகிறபோது இங்கே விடிய 5:30. வெள்ளி இரவு முழித்திருந்தால் ஒருத்தரும் வரமாட்டினம். சனி இரவும் ஞாயிறு இரவும்தான் உங்களுடையவை. சனி பகலில் நல்லா நித்திரை கொள்ளுங்கோ.

அடுத்தது திசை. பிற்ஸ்பேர்க்கில் இருக்கிற நீர்மூழ்கி ரெக்குவின் எங்களுக்கு 341 பாகையில், ஏறத்தாழ 14,100 கிலோமீற்றர். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற நீர்மூழ்கி பம்பனிற்றோ 22 பாகையில், 14,200 கிலோமீற்றர். அமெரிக்கா எண்டதும் கிழக்கோ மேற்கோ எண்டு அன்ரெனாவைத் திருப்பாதையுங்கோ. இரண்டு பாதையும் வடதுருவப் பக்கத்தால்தான் போகுது. ஜூனில் அந்தப் பக்கம் சூரியன் மறையிறதே இல்லை, அதனால் எங்களுக்கு நடுச்சாமமாக இருந்தாலும் 14 மெகாஹேட்ஸ் (உங்கட 20 மீற்றர்) திறந்திருக்கும் வாய்ப்பு நல்லா உண்டு. 18 மெகாஹேட்ஸையும் விடாமல் பாருங்கோ. காந்தப் புயல் அடித்தால் இந்தத் துருவப் பாதைதான் முதலில் செத்துப்போகும். அந்தப் புயலை அளக்கிற கே சுட்டெண் 4க்கு மேலே ஏறினால் ஐரோப்பியக் கப்பல்களைத் தேடுங்கோ. லண்டனில் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ற் கப்பலில் ஜிபி2ஆர்என் எண்ட நிலையம் இருக்கு. அது நீர்மூழ்கி இல்லை, எண்டாலும் சான்றிதழுக்கான கப்பல் எண்ணிக்கையில் சேரும்.

பொருந்தி வருகிற ஒரு விசயம்: எங்களுக்கு மிகக் கிட்டிய நூதனசாலை நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக் குர்சுரா, ஏறத்தாழ 960 கிலோமீற்றர். அதுவும் அதே 22 பாகைதான். பிள்ளைகளுக்கு உலக உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துக் காட்டுங்கோ, ஒரே கோட்டில் இரண்டு படகு.

7.260 பற்றி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐரியு) மூன்றாம் வலயமான எங்களுக்கு அமெச்சூர் ஒதுக்கீடு 7.000 இலிருந்து 7.200 வரைதான். அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் இடம். அமெரிக்கருக்கு 7.300 வரை உண்டு, அவையின்ர பேச்சுப் பகுதி 7.125இல் தொடங்குது. ஆக இரண்டு பகுதியும் சந்திக்கிறது 7.125க்கும் 7.200க்கும் இடையில் மட்டும். அவர் 7.260இல் நின்றால் உங்களால் பதில் சொல்லவே ஏலாது. சொன்னால் உரிமத்தை மீறின கணக்கு. அதோடு அவையின்ர பகல் நேரத்தில் 40 மீற்றர் அலை (7 மெகாஹேட்ஸ்) இவ்வளவு தூரம் வராது. 14.260ஐச் சுற்றிக் காதை வைத்திருங்கோ.

அன்ரெனா காணாது. 6 மீற்றர் உயரத்தில் டைபோல் சக்தியின் பெரும் பங்கை வானத்துக்கு நேரே அனுப்பும். 14,000 கிலோமீற்றருக்கு 5 இலிருந்து 12 பாகைக்குள் தாழ்ந்து போக வேணும். இரண்டு வழி இருக்கு.

முதல் வழி பனை. கிழக்கு மேற்காக நிற்கிற இரண்டு பனையைத் தெரிவு செய்தால் டைபோலின் முகம் வடக்கே திரும்பும், 341உம் 22உம் இரண்டும் அகப்படும். கெற்றப்போலில் ஈயக்குண்டு கட்டித் தங்கூசியை வட்டுக்கு மேலால் அனுப்பி, அதில் நைலோன் கயிற்றை இழுங்கோ. சோளகக் காற்றுக்குப் பனை ஆடும், இறுக்கிக் கட்டின வயர் முதல் இரவே அறும். ஒரு பக்கக் கயிற்றை உருளையில் விட்டு 4, 5 கிலோ கல்லைத் தொங்கவிட்டால் மரம் ஆடுகிற அளவுக்குக் கல் ஏறி இறங்கும். உயரம் 15 மீற்றருக்குக் குறையாமல் பாருங்கோ.

இரண்டாவது வழி கடல், எனக்குப் பிடித்தது இதுதான். வடகரையில் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் நின்றால் 341உம் 22உம் உப்புத் தண்ணிக்கு மேலால் போகுது. உப்புத் தண்ணி ஓரத்தில் நிறுத்தின 5 மீற்றர் செங்குத்து வயர், உள்ளூரில் செம்மண்ணில் நிற்கிற அதே வயரை விடத் தாழ்ந்த கோணத்தில் 6 டெசிபெலோ அதற்கு மேலோ கூடக் கொடுக்கும். 100 வாற் 400 வாற் ஆன மாதிரி. எங்கட நிலத்தில் ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பூமிக்கம்பி அடிச்சுப் பிரயோசனமில்லை. அதனால் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயர்த்தி, பூமிக்குப் பதிலாக 5 மீற்றர் நீளத்தில் இரண்டு ஆரை வயர்களை எதிரெதிராக விடுங்கோ. நடு வயரை மீன் தூண்டில் கம்பத்திலோ மூங்கிலிலோ கட்டலாம். தண்ணி விளிம்பிலிருந்து 5 மீற்றருக்குள் நிற்க வேணும். 50 மீற்றர் தள்ளினால் அந்த இலாபத்தில் பெரும்பகுதி போய்விடும். ஊட்டுமிடத்தில் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கொஆக்ஸ் கேபிளை 10, 12 சுற்றுச் சுற்றுங்கோ, இல்லாட்டி கேபிளின் வெளித்தோலும் அன்ரெனாவாகி மைக்கைத் தொட்டால் சுடும். 30 மீற்றர் ஆர்ஜி-58 ஒன்றரை டெசிபெலுக்கு மேலே தின்னும். செற்றைக் கரைக்குக் கொண்டுபோய் 10 மீற்றரில் முடியுங்கோ. உரிமத்தின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும், கரையோரம் எண்டபடியால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கோ.

மோர்ஸ்சாவி:
படகுப் பக்கத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

அழைப்புக் குறிகளிலேயே வரலாறு இருக்கிறது. பம்பனிற்றோவின் அமெச்சூர் குறி என்ஜே6விடி. கடற்படை அதற்குக் கொடுத்த குறி என்ஜேவிடி. நடுவில் அமெச்சூர் வலய எண் 6ஐச் செருகியிருக்கிறார்கள். ரெக்குவின் என்ஒய்3இசி, மனிற்றோவொக்கில் உள்ள கோபியா என்பி9கியூவி, இரண்டும் அதே முறை. கிளீவ்லாந்தின் கொட் டபிள்யூ8சிஓடி, போர்ட்லாந்தின் புளூபாக் டபிள்யூ7எஸ்யூபி. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் செற்றுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரைச்சலுக்குள் பாதி எழுத்துத்தான் கேட்கும், மீதியைத் தாள் சொல்லும்.

இரும்புக் கூட்டுக்குள் அன்ரெனா வேலை செய்யாது, அது சரி. செற் உள்ளே, அன்ரெனா மேல்தளத்தில். பெரிஸ்கோப் தாங்கிக் கோபுரத்திலிருந்து முன்பக்கமோ பின்பக்கமோ நீளும் வயர்தான் வழக்கமான ஏற்பாடு. கேபிளை உள்ளே கொண்டுவரப் புதிதாகத் துளை போடுவதில்லை, போடவும் கூடாது. அது காக்கப்படும் பொருள். பழைய கேபிள்கள் நுழைந்த வழியையோ திறந்திருக்கும் மூடிவாயிலையோ பயன்படுத்துவார்கள். மூடிவாயில் பார்வையாளர் ஏறி இறங்கும் வழி என்றால் கேபிள் காலில் இடறாமல் கட்டப்பட வேண்டும், மாலையில் கழற்றப்பட வேண்டும். சில நிலையங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னரே மறைந்துபோக இதுவும் ஒரு காரணம்.

அவர்களுடைய பெரிய தலையிடி இரைச்சல். குழல் விளக்குகள், எல்ஈடி மின்வழங்கிகள், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், காற்றோட்ட விசிறி எல்லாம் ஒரே உருக்குக் குழாய்க்குள். நீங்கள் அவரைத் தெளிவாகக் கேட்பீர்கள், அவர் உங்களைக் கேட்கமாட்டார். அதனால் குறியை இரண்டு முறை ஆறுதலாக உச்சரித்து, சமிக்ஞை அறிக்கையை மட்டும் கொடுத்து நிறுத்துங்கள். பெயரும் ஊரும் அடுத்த சுற்றில்.

இன்னொரு பிரச்சினை துரு. இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் துருப்படலம் இருந்தால் அது டயோட் போல நடந்துகொள்ளும். ஒலிபரப்பும்போது பல மடங்கு அதிர்வெண்களையும் கலப்பு அலைகளையும் அதுவே பிறப்பிக்கும். தளத்துக் கைபிடிச் சங்கிலி, தளர்ந்த தகடு, பழைய ஆணி எதுவும் காரணமாகலாம். மூட்டைச் சுரண்டிச் செம்புப் பின்னல் நாடாவால் இணைக்க வேண்டும், அல்லது றப்பர் வைத்து முற்றாகப் பிரிக்க வேண்டும். பாதி தொட்டும் பாதி தொடாமலும் இருப்பதுதான் கெடுதி. காரைநகரில் படகு வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

வடலி:
அருமை. வடகரைக்கே போறம். பழைய செற் இயங்குமா எண்டது மட்டும் மிச்சம். பழைய கடற்படை ஆட்கள் என்ன செய்கினம்?

பழைய வால்வு:
சில படகுகளில் இயங்கும், ஆனால் எல்லாரும் நினைக்கிறது போல ஆளியைத் தட்டி இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கியில் 126 கலங்கள் வீதம் இரண்டு பற்றறித் தொகுதிகள், மொத்தம் 252. ஒரு கலமே 700 கிலோவுக்கு மேல். படகின் மின்சாரம் ஏறத்தாழ 250 வோல்ற் நேர்மின். ரிபிஎல் எனும் அனுப்பி அந்த மின்சாரத்தில் ஒரு மோட்டார்-ஜெனரேற்றரைச் சுழற்றித்தான் உயர் மின்னழுத்தம் எடுத்தது. இன்று அந்தப் பற்றறிகள் வேலை செய்வதில்லை. ஆகவே பழைய அனுப்பியை எழுப்ப விரும்புகிறவர் முதலில் கரையிலிருந்து வருகிற ஆடலோட்ட மின்சாரத்தை நேர்மின்னாக மாற்ற வேணும். அதனால் அன்றாடத் தொடர்புகளுக்கு 13.8 வோல்ற் புதுச் செற்தான். பழையது விசேட நேரங்களில், மோர்ஸில். அதன் அதிர்வெண் வெப்பத்தோடு நகரும், சாவியை அழுத்தும்போது சிணுங்கும். சத்தம் வளைந்து வந்தால் உங்கள் செற்றில் பிழை தேடாதையுங்கோ. அகலமான வடியைப் போட்டு அனுபவியுங்கோ.

பிள்ளைகளிடம் பழைய வால்வு றேடியோ இருந்தால் நூதனசாலைக்காரர் பழைய செற்றைச் சீராக்குகிற ஒழுங்கைப் பழக்கலாம். மெழுகு பூசின கடதாசிக் கொண்டென்சர் எல்லாம் கசியும், ஒன்றையும் நம்ப வேண்டாம். நூதனசாலைக்காரர் கூட்டை எறிவதில்லை. மெழுகை உருக்கி உள்ளுக்கிருப்பதை எடுத்து, புது ஃபிலிம் கொண்டென்சரை வைத்து மீண்டும் மெழுகால் மூடுவினம். வெளித்தோற்றம் மாறாது, எடுத்த துண்டு பெயர் எழுதின பையில் போகும். மின்பகு கொண்டென்சரை வேரியாக்கில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) மெல்ல மெல்ல ஏற்றினால் போதும் எண்டு பலர் சொல்லுவினம். வால்வு திருத்தி (ஆடலோட்டத்தை நேர்மின்னாக மாற்றுகிற வால்வு) உள்ள செற்றில் அது நடவாது. இழை சூடேறும் வரை திருத்தி கடத்தாது, பிறகு ஒரேயடியாக முழு அழுத்தமும் பாயும். கொண்டென்சரைத் தனியே கழற்றி, வெளி நேர்மின் வழங்கியில் 10 கிலோஓம் தடையைத் தொடரில் போட்டு, கசிவு குறையக் குறைய அழுத்தத்தைக் கூட்டுங்கோ. பல மணித்தியாலம் எடுக்கும். குறையாவிட்டால் அது முடிந்தது.

மூன்று எச்சரிக்கை. பச்சையாக ஒளிர்ந்த பழைய மானி முகங்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம், கண்ணாடியைத் திறக்கக் கூடாது. எண்ணெய்க் கொண்டென்சரில் பிசிபி எனும் நச்சுப் பொருள் இருக்கலாம், கசிந்தால் வெறுங்கையால் துடைக்க வேண்டாம். படகின் குழாய் உறைகளில் கல்நார் இருக்கலாம், பிய்க்க வேண்டாம்.

பழைய மாலுமிகள் பற்றிக் கேட்டீர்கள். றேடியோக்காரருக்குச் செற் தெரியும். படகு தெரிந்தவர் பழைய மாலுமிதான். எந்தக் குழாய் வால்வு எந்தத் தாங்கிக்குப் போகிறது, எந்த மூடி பாரத்தோடு விழும், எந்தப் பெட்டிக்குள் இன்னும் மின் வரலாம் என்பது வரைபடத்தை விட அவர் கைக்குத் தெரியும். குர்சுராவில் பார்வையாளருக்கு வழிகாட்டுவோரும் ஓய்வுபெற்ற கடற்படையினரே. 1969இல் சேவைக்கு வந்து 2001இல் ஓய்வுபெற்ற, 91 மீற்றர் நீளப் படகு அது. கோபியாவின் எஸ்ஜே ராடார் மீண்டும் இயங்குவது இத்தகைய தொண்டர்களின் உழைப்பால்தான்.

பம்பனிற்றோ கிடைத்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கோ. 1944 செப்டெம்பரில் சயாம்-பர்மா றெயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரித்தானிய, அவுஸ்திரேலியக் கைதிகளை ஏற்றிவந்த ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றை மூழ்கடித்தது பம்பனிற்றோ. உள்ளே கைதிகள் இருந்தது அதற்குத் தெரியாது. மூன்று நாளுக்குப் பிறகு அதே பம்பனிற்றோ கடலில் மிதந்தவர்களில் 73 பேரைத் தூக்கியது. அந்தத் தண்டவாளத்தில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ ஆயிரம் பேர் செத்தார்கள். அவர்களைத் தூக்க ஒரு படகும் வரவில்லை.

பண்ணைக்காற்று:
இரண்டு திருத்தம் மட்டும். ஒன்று, பிள்ளைகளின் கையில் மைக்கைக் கொடுத்து அமெரிக்க நிலையத்தோடு கதைக்க விடாதையுங்கோ. உரிமமில்லாதவரின் பேச்சை நாடுகளுக்கிடையில் கடத்த மூன்றாம் தரப்பு ஒப்பந்தம் வேணும், அமெரிக்காவின் பட்டியலில் இலங்கை இல்லை. அவர்கள் பதிவேட்டை எழுதட்டும், நேரத்தை யுடிசியில் குறிக்கட்டும். 15 கப்பல்களைத் தொட்டால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவில் ஒரு நிமிடம் பிழைத்தாலும் ஒப்பிடும்போது சிக்கல். தொடர்பை உறுதிப்படுத்துகிற அட்டை வேணுமெண்டால் தன்முகவரி உறையும் தபாற் செலவும் சேர்த்து அனுப்புங்கோ, இந்தப் படகுகள் நன்கொடையில்தான் மிதக்குது.

மற்றது, மேலே சொன்ன 5 மீற்றர் வெறும் செம்புக் கம்பிக்கு. வீட்டு வயரிங்கிற்குப் பாவிக்கிற பிவிசி உறை வயர் எண்டால் 3 இலிருந்து 5 சதவீதம் குறைய வேண்டி வரும். 5.20 மீற்றரில் வெட்டி, கரையில் வைத்தே 14.260இல் எஸ்டபிள்யூஆர் (அன்ரெனா செற்றோடு பொருந்துகிற அளவு) பார்த்து 3 சென்ரிமீற்றர் வீதம் குறையுங்கோ. வீட்டு முற்றத்தில் சரிசெய்து கொண்டுபோனால் உப்புத் தண்ணிக்குப் பக்கத்தில் அளவு மாறும். பிளக்குகளுக்குத் தன்னொட்டி றப்பர் நாடா சுற்ற மறக்க வேண்டாம், சோளகத்தில் ஒரே இரவில் பச்சை பிடிக்கும்.