ஹெம்ப் பூவை வீட்டில் சூடாக்கியபோது: அனுபவப் பகிர்வு

சூரிச் மருமகன்

ஹெம்ப் என்பது போதை குறைந்த கஞ்சா வகை. அதன் பூவிலிருந்து வலிக்காகச் சிலர் எடுக்கும் பொருள்தான் சிபிடி. பூவைச் சூடாக்கினால்தான் அது கிடைக்கும் என்பதால் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மாமியின் முழங்கால் வலிக்காகக் கியோஸ்கில் வாங்கிய சிபிடி பூவை அவர் மல்லித் தண்ணீர்போலக் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "இது வெறும் வைக்கல் தண்ணி தம்பி" என்று டப்பாவைத் திருப்பித் தந்தார். அவர் சொன்னதில் தவறில்லை. பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் சிபிடிஏ என்னும் அமில வடிவம், சூடாக்கினால்தான் அது சிபிடியாக மாறும். சில நிமிடக் கொதி அதை மாற்றப் போதாது, மாறினாலும் சிபிடி நீரில் கரையாது, நெய் போன்ற கொழுப்பில்தான் கரையும். ஆகவே ஓவனை 120 டிகிரியில் வைத்து, பூவை உதிர்த்துத் தட்டில் பரப்பினேன்.

அரை மணி நேரத்துக்குள் படிக்கட்டு முழுவதும் வாசனை பரவிவிட்டது. அழைப்பு மணி அடித்தபோது, கீழ்வீட்டு முதியவர் முறைப்பாட்டோடு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஓய்வுபெற்ற பேக்கரிக்காரரான அவர் கையில் இருந்ததோ கம்பியில் தொங்கவிடும் ஒரு வட்டமான வெப்பமானி. ஒன்றும் விசாரிக்காமல் அதை ஓவனுக்குள் மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார். முள் 148 வரை ஏறியது. சிவப்பு விளக்கு அணைந்தது. மெல்ல இறங்கி 104-க்கு வந்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. திருகில் எழுதியிருப்பது சராசரி என்றும், ரொட்டிக்கு அது போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தட்டின் ஓரத்துப் பூ காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது, நடுவில் கிடந்தது இன்னும் பச்சையாகவே இருந்தது. அதில் எத்தனை பங்கு உண்மையில் மாறியிருக்கும் என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

ஸ்கார்பரோ தோட்டக்காரி

தம்பி, ஓவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அதில் பூவைத் திறந்து வைத்ததுதான் பிரச்சினை. படிக்கட்டு மணந்தது என்றால் பாதி மருந்து படிக்கட்டுக்குப் போய்விட்டது என்று பொருள்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வளர்க்கலாம் என்பதால், கத்தரிக்குப் பக்கத்தில் சிபிடி கூடிய வகைச் செடி ஒன்றை வைத்திருக்கிறேன். நன்கு உலர்ந்த பூவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடியை விரல்நுனி இறுக்கத்துக்கு மட்டும் திருகி, 95 டிகிரி நீரில் இரண்டரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பேன். முதன்முறை ஆறியபின் அந்த மூடியைத் திறந்த நொடியை நான் மறக்கவே மாட்டேன். சீறலோடு ஒரு காற்று வெளிவந்தது. எலுமிச்சைத் தோலும் பைன் மரப் பிசினும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. போத்தலின் உட்சுவரில் பொன்னிறத் துளிகள் கோத்து நின்றன. பூ கொஞ்சமும் கருகவில்லை. வெளியேறிய கார்பன் டை ஆக்சைடுதான் அப்படிச் சீறியது.

மாத்திரைப் பெட்டி

மருந்தகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

படிக்கட்டுக்குப் போனது டெர்பீன்கள் என்னும் மணப்பொருள்கள். ஆல்ஃபா பைனீனின் கொதிநிலை 156 டிகிரி, மிர்சீனுடையது 167 அளவு, ஆனால் இவை அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். சிபிடி அவ்வளவு எளிதில் ஆவியாகாது. எனவே மணம் போயிற்று என்பதற்காக மருந்து போயிற்று என்று கொள்ளக் கூடாது. அதேபோல், 12 சதவீதம் சிபிடிஏ உள்ள 7 கிராம் பூ முழுவதும் மாறினாலும் வெளியேறும் வாயு 0.1 கிராம்தான், அறை வெப்பநிலையில் 57 மில்லி. மூடி சீறியதற்குப் போத்தலில் இருந்த காற்று விரிந்ததும் காரணமாக இருக்கலாம். 95 டிகிரியில் சிபிடிஏ மெதுவாகவே மாறும். 110 முதல் 120 வரை ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் என்பதே நியாயமான கணக்கு.

என் அனுபவம் சிறியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், இரத்தம் உறையும் நேரம் திடீரென்று கூடிய சீட்டோடு வந்தார். புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று மாத்திரை மாத்திரையாகக் கேட்டும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர் மனைவி, "அந்தப் பூ போட்ட நெய் மட்டும்தான் பிள்ளை" என்றார். நெய்யை மருந்துப் பட்டியலில் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் கணக்குப் போடுங்கள். மேற்சொன்ன 7 கிராமில் 840 மில்லிகிராம் சிபிடிஏ இருக்கிறது. அமிலப் பகுதி கழன்றபின் மிஞ்சுவது அதில் 0.877 பங்கு, அதாவது 737 மில்லிகிராம் சிபிடி. அது முழுவதும் 100 மில்லி நெய்யில் இறங்கியதாக வைத்துக்கொண்டால் 5 மில்லி தேக்கரண்டி ஒன்றில் 37 மில்லிகிராம் வரும். நடைமுறையில் கொஞ்சம் குறையும். இந்த எண்ணைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சிலவற்றைச் சிபிடி தடுக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஒப்புதல் பெற்ற எபிடியோலெக்ஸ் என்னும் சிபிடி மருந்தோடு வரும் குறிப்பிலேயே கல்லீரல் நொதி உயர்வு பற்றியும், குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துகளோடு சேர்ப்பது பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. உணவோடு எடுத்தால் உடம்பில் சேரும் அளவு பலமடங்கு கூடும் என்பதையும் கவனியுங்கள். கடைசியாக, நெய்ப் போத்தலை மற்ற நெய்யோடு வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் தோசையில் ஊற்றிக்கொள்வார்கள்.

நெடுஞ்சாலைக்காரன்

எல்லோரும் சிபிடியையே பேசுகிறீர்கள். அதே தட்டில் இருக்கும், போதை தரும் பொருளான டிஹெச்சியை யாரும் எண்ணவில்லை.

சுவிட்சர்லாந்தில் மொத்த டிஹெச்சி 1 சதவீதத்துக்குக் குறைந்த பூவைக் கடையில் விற்கலாம். என்னிடம் இருந்த டப்பாவில் 0.9 என்று அச்சிட்டிருந்தது. சூடாக்கும்போது அதன் அமில வடிவமான டிஹெச்சிஏயும் டிஹெச்சியாக மாறும். அதுவும் அதே வெப்பத்தில் சிபிடிஏயைவிட வேகமாக மாறும். இதனால் அரைகுறையாக வெந்த பூவில் வேண்டாதது முதலில் தயாராகிவிடுகிறது. 2 கிராம் பூவில் இது 18 மில்லிகிராம். தோட்டக்காரி அக்காவின் நாட்டில் கடையில் விற்கும் தின்பண்டப் பொதி ஒன்றுக்கே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு.

புட்டுக்கு அந்தப் பூ போட்ட நெய்யை விட்டுச் சாப்பிட்டு, எந்த மயக்கமும் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போன இரவில் பொலிசார் நிறுத்தினார்கள். உமிழ்நீர்ச் சோதனைக் குச்சி நிறம் காட்டியது. இங்கே ஓட்டுநரின் இரத்தத்தில் ஒரு லீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் டிஹெச்சி என்பதே எல்லை. நான் டப்பாவை எடுத்துக் காட்டினேன்; அதிகாரி கைவிளக்கின் வெளிச்சத்தில் முழு லேபிளையும் பொறுமையாகப் படித்து, "இது சட்டபூர்வமானதுதான்" என்று மரியாதையாகவே சொன்னார். டப்பாவைத் திருப்பித் தந்தார். சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தரவில்லை.

கோவை வாசகி

இங்கே படிப்பவர்களில் இந்தியாவுக்கு வருபவர்களும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். ஜெனீவாவில் இருக்கும் சித்தி, ஊருக்குப் புறப்படும் முந்தைய இரவு பெட்டி கட்டுவதை வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தார். சாக்லேட் பெட்டிகளுக்கு நடுவே பச்சை மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே ஹெம்ப் பூ. "பாட்டிக்கு மூட்டு வலிக்கு, கடையில் பில் போட்டு வாங்கியது" என்றார். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூக்கும் நுனியைக் கஞ்சா என்றே வரையறுக்கிறது. அந்த வரையறையில் டிஹெச்சி எத்தனை சதவீதம் என்ற பேச்சே கிடையாது. இதைச் சொன்னபோது அவர் நம்பாமல், இங்கே கடைகளில் ஹெம்ப் விதை எண்ணெய் விற்கிறார்களே என்று வாதாடினார். விதை வேறு, பூ வேறு. குப்பி வெளியே வந்தது. சித்தியின் கோபம் தணிய அந்த விடுமுறை முழுவதும் ஆயிற்று.

ஸ்கார்பரோ தோட்டக்காரி

மாத்திரைப் பெட்டித் தம்பிக்கு: 57 மில்லி கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறிய போத்தலில் விரிந்த காற்றும் சுருங்கித்தானே இருக்கும்? அப்படியானால் சீறியது எது என்று நீங்களே சொல்லுங்கள். 95 டிகிரியில் மெதுவாக மாறும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் இரண்டரை மணி நேரம்.

நெடுஞ்சாலைக்காரத் தம்பி சொன்னது மட்டும் என்னை உறுத்துகிறது. இங்கும் வாகனம் ஓட்டுவோருக்கு இரத்தத்தில் மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் டிஹெச்சியிலிருந்தே அபராதம் தொடங்கிவிடுகிறது. உங்கள் டப்பாவிலாவது 0.9 என்று எழுதியிருந்தது; என் தோட்டத்துச் செடிக்கு லேபிள் ஏது? விதைப் பொட்டலத்தில் சிபிடியும் டிஹெச்சியும் இருபதுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அது விதை விற்றவர் எழுதியது. ஆகையால் இந்த அறுவடையில் ஒரு பிடியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவைப் பார்த்த பிறகே நெய்யில் கை வைப்பதாக இருக்கிறேன்.