உதய்பூர் பாகோர் கி ஹவேலி: முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

ஆர்.கே.புரத்து மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நிஜாமுதீனிலிருந்து மேவார் எக்ஸ்பிரஸில் அம்மாவை உதய்பூர் கூட்டிப்போகிறேன். இரண்டு ராத்திரி தங்கல். அம்மாவுக்கு 71 வயசு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்கணும். மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவர், கரகாட்டம், பொம்மலாட்டம் எல்லாம் விடியவிடியப் பார்த்தவர். டெல்லிக்கு வந்த 14 வருஷத்தில் நான் அப்படி எதுவும் அவருக்குக் காட்டினதில்லை. பாகோர் கி ஹவேலி என்கிற பழைய மாளிகையில் தினமும் சாயங்காலம் நடனம் உண்டாமே, தரையில்தான் உட்காரணுமா? இந்தி தெரியாதவருக்கு ரசிக்குமா?

மயூர் விஹார் தாளக்காரர்:
தாராளமாக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. பேரு 'தரோஹர்'. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம், நீம் சௌக் என்கிற திறந்த முற்றத்தில் நடக்கும். நாங்க போனப்போ முன்னால மெத்தை விரிச்சிருந்தாங்க, ஓரத்தில் கொஞ்சம் நாற்காலி. அதைப் பிடிக்கணும்னா ஆறு மணிக்கே டிக்கெட் வரிசையில் நின்னுடுங்க.

நான் முதல் நாள் லேட்டாப் போய்த் தூணுக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன். தேரா தாலி ஆட்டம் வந்தப்போ சத்தம் மட்டும் கேக்குது, ஒண்ணும் தெரியல. சின்ன வயசில் அப்பாவோட நாயன செட்டில் தாளம் போட்டவன் நான். மனசு கேக்கல. மறுநாளும் டிக்கெட் வாங்கி முன்னால போய் உட்கார்ந்தேன்.

தேரான்னா பதிமூணு. அந்தப் பெண்கள் உட்கார்ந்த வாக்கில்தான் ஆடுறாங்க. வலது காலில் ஒன்பது ஜால்ராத் தாளம் கட்டியிருக்கு, முழங்கைக்கு மேல ஒண்ணொண்ணு, கையில் கயிற்றோட ரெண்டு. கையில் இருக்கிறதைச் சுழற்றி வீசி, காலில் இருக்கிறதில் ஒவ்வொண்ணாத் தட்டிட்டுப் போறாங்க. நமக்கு ரெண்டு கையால ஒரு ஜோடியைத் தட்டுறதுக்கே வருஷக்கணக்கில் திட்டு வாங்கணும். இவங்க தலையில் குடத்தோட, ஒரு அடி பிசகாம வேகத்தை ஏத்துறாங்க. காமட் சமூகத்துப் பெண்கள் ராம்தேவ்ங்கிற நாட்டுப்புறத் தெய்வத்துக்கு ஆடுறது இது. அதனால காலைப் பார்க்கிற மாதிரி இடம் பிடிங்க, பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு 'சரி', 'பவாய்'ங்கிற ரெண்டு குட ஆட்டமும் சொல்லாமலே புரியும். 'சரி' ஆட்டத்தில் தலைமேல் பித்தளைக் குடம், அதுக்குள்ள எண்ணெயில் ஊறின பருத்திக்கொட்டை எரியும். பவாயில் குடத்துமேல குடமா அடுக்கிக்கிட்டுத் தாம்பாள விளிம்பில் நிற்பாங்க. எங்க வீட்டுல கரகம்னே சொன்னாங்க. ஆனா கரகத்தில் இருக்கிற அந்தத் துள்ளல் இதில் கிடையாது, நிதானம்தான் அழகு.

இன்னொண்ணு. நிறையப் பேர் நடனத்துக்கு மட்டும் வந்துட்டுத் திரும்பிடறாங்க. பகல்ல ஒருதரம் வந்து வீட்டைப் பாருங்க. 18-ஆம் நூற்றாண்டில் மேவார் பிரதம மந்திரியா இருந்த அமர்சந்த் பட்வா பிச்சோலா ஏரிக்கரையில் கட்டினது, நூறு அறைக்கு மேல. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்க ஊழியர் குடியிருப்பா இருந்து சீரழிஞ்சு போச்சு. 1986-இல் மேற்கு மண்டலப் பண்பாட்டு மையத்துக்கிட்ட கொடுத்தப்புறம்தான் உயிர் வந்தது. நம்ம தஞ்சாவூர்ல தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கே, அதோட கூடப்பிறப்பு. மாடியில் அந்தக் கண்ணாடித் துண்டு பதிச்ச மயில்களைப் பார்த்துட்டு நான் அரை மணி நேரம் நகரல. படி ஏற முடியலைன்னா அம்மா வெளியே 'கங்கௌர் காட்' படித்துறையில் ஏரியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கலாம்.

பட்டேல் நகர் ரமா:
பொம்மலாட்டமும் உண்டு அக்கா, கத்புத்லி. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க: பொம்மைக்குக் கால் இருக்காது, நீளப் பாவாடைதான். பொம்மை பேசறதும் மனுஷக் குரல் இல்ல, வாயில் ஒரு சீழ்க்கையை வெச்சுக் கீச்சுக்கீச்சுன்னு ஊதுவாங்க. அதனால இந்தி தெரியலைங்கிற கவலையே வேண்டாம். எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஷாதிப்பூர்ல கத்புத்லி காலனி இருந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவ நான். காலனியை இடிச்சு அங்க இருந்த பொம்மலாட்டக்காரங்களை ஆனந்த் பர்பத் பக்கம் மாத்தினப்போ அழுகை வந்துடுச்சு.

ஆர்.கே.புரத்து மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி ரமா. அம்மாவுக்கு முழுசும் படித்துக் காட்டினேன். "பருத்திக்கொட்டையா? நாம மாட்டுக்கில்ல ஆட்டி வைப்போம்" என்றார். பிறகு, ஒன்பது தாளத்தையும் ஒரே காலில் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று தன் காலை நீட்டிக் கணுக்காலிலிருந்து மேலே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ராத்திரிக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.