குழாய் நடுவில் 14 டிகிரி கூடுதல்: என் மாடலில் எங்கே பிசகு?

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் மாணவன்)

வணக்கம். பகலில் வேலை, இரவில் முதுகலை. ஆர்த்தோ சைலீனைக் காற்றோடு விட்டு தாலிக் அன்ஹைட்ரைடு ஆக்கும் பேக்டு பெட் குழாய் (வினையூக்கி உருண்டைகளை அடைத்த படுகை) ஒன்றை மாடல் செய்கிறேன். உள் விட்டம் 25 மி.மீ., வினையூக்கி உருண்டை 5 மி.மீ., குழாயைச் சுற்றி 360 டிகிரியில் உருகிய உப்பு. என்னுடையது ஒரு பரிமாண மாடல் (குழாயின் நீளவாக்கில் மட்டும் மாற்றத்தைப் பார்ப்பது), ஆரத்திசை வெப்பக்கடத்துதிறன் 0.75, சுவர் வெப்பக் கெழு 180 (இரண்டும் எஸ்.ஐ. அலகில்), ஆக படுகையிலிருந்து உப்புக்கு வெப்பம் போகும் மொத்தக் கெழு 103 வருகிறது. உச்ச வெப்பநிலை 398 டிகிரி என்கிறது மாடல். ஆய்வகக் குழாயின் நடுவே வைத்த தெர்மோகப்பிள் காட்டுவதோ 412. இரண்டு வாரமாக வேக மாறிலியை (வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் எண்) திருகித் திருகிப் பார்த்துவிட்டேன், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது.

பதில் 1 (புக்கிட் பாத்தோக்)

தம்பி, வேக மாறிலியைத் தொடாதீர்கள்! நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு வேறு வெப்பநிலைகளை. ஒரு பரிமாண மாடல் தருவது குறுக்குவெட்டின் சராசரி, தெர்மோகப்பிள் பார்ப்பது மையம். உங்கள் எண்களையே போடுங்கள்: 180 × 0.0125 / 0.75, பயோட் எண் (படுகைக்குள் இருக்கும் வெப்பத் தடைக்கும் சுவரில் இருக்கும் தடைக்கும் உள்ள விகிதம்) 3. வெப்பநிலை பரவளையமாக இறங்குகிறது என்று வைத்தால், மையத்துக்கும் உப்புக்கும் இடையிலுள்ள 52 டிகிரியில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 31 டிகிரி, படுகைக்குள்ளேயே விழுகிறது. சராசரி அதில் பாதி கீழே நிற்கும், 412 கழித்தல் 15.6, ஏறத்தாழ 396. உங்கள் 398 அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். கிளர்வுறு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) மோலுக்கு 110 கிலோஜூல் அளவில் இருந்தால், அந்த 15.6 டிகிரிக்கே மையத்தில் வினைவேகம் சராசரி வெப்பநிலையில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். சராசரியை வைத்துக் கணக்கிடும் மாடல் இதைப் பார்ப்பதே இல்லை, வெப்பம் கட்டுமீறும் எல்லைக்கு அருகில் போனால் அது ஆபத்து. ஆரத்திசையையும் சேர்த்துக் கணக்கிடும் இரு பரிமாணத்துக்குப் போங்கள்.

பதில் 2 (ஜூரோங் தீவில் வேலை)

மேலே சொன்னது சரி, ஆனால் அந்த 412-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். தெர்மோவெல் (தெர்மோகப்பிளை நுழைக்கும் உறை) உலோகம் நீளவாக்கில் வெப்பத்தைக் கடத்தி உச்சியைத் தட்டையாக்கும், அதைச் சுற்றி உருண்டைகளும் சரியாக அடையாது. உண்மை உச்சம் இன்னும் கூட இருக்கலாம்.

அப்புறம், இடைவெளி விகிதம் (படுகையில் உருண்டைகளுக்கு இடையே வெற்றிடமாக இருக்கும் பங்கு) எவ்வளவு போட்டீர்கள்? புத்தகத்தில் இருக்கும் 0.40 என்றால் கவனம். குழாய் விட்டம் உருண்டையைப்போல ஐந்து மடங்குதான், சுவரோரம் உருண்டைகள் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்பதால் அங்கே வெற்றிடம் அதிகம், வாயுவும் அந்த வழியே நழுவிப் போகும். 0.43 என்று மாற்றினாலே படுகையின் அழுத்த இழப்பைக் கணக்கிடும் எர்கன் சமன்பாட்டில் அந்த இழப்பு கால் பங்கு குறைந்துவிடும். கைகளால் அளந்துவிடுங்கள்: குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, எடை பார்த்து, உருண்டையின் அடர்த்தியால் வகுத்து, வரும் கன அளவைக் குழாயின் கன அளவிலிருந்து கழித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி அளக்காதீர்கள், நுண்துளைகள் உறிஞ்சிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். 0.40 தான் போட்டிருந்தேன். நேற்று மூன்று முறை நிரப்பி எடை பார்த்தேன், 0.42, 0.43, 0.43. நான் அளந்திருந்த அழுத்த இழப்பு மாடலைவிடக் குறைவாக இருந்ததன் காரணமும் இப்போது பிடிபட்டது. கருவிதான் பழுது என்று நினைத்திருந்தேன். இந்த வாரக்கடைசியில் இரு பரிமாணத்தை எழுதத் தொடங்குகிறேன், மையத்தில் சமச்சீர், சுவரில் அந்த வெப்பக் கெழு 180.