கணப்பு அடுப்பு (வீட்டைச் சூடாக்குற விறகு அடுப்பு) மாட்டினவங்க அனுபவம் சொல்லுங்க, எனக்கு அந்தச் சுவர் சூடு இன்னும் மனசுலேந்து போகல

பதிவு:
சீக்கிரமா சொல்லிடுறேன். அடுப்பு ஹால்ல, அதுக்குப் பின்னாடி பலகை அடிச்ச சுவர், அந்தப் பக்கம் பாப்பா தூங்குற ரூம். மாட்டி மூணாவது வாரம், ராத்திரி போர்வை போத்தி விடப் போனவ இருட்டுல சுவத்துல கை ஊனினேன், சுரீர்னுச்சு, கையை எடுத்துட்டேன். சுவர் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு. பாப்பா தலையிலேந்து ஒரு சாண்.

மாட்டினவர் "பின்னாடி டைல்ஸ் ஒட்டிட்டேன், டைல்ஸ் எரியாது"ன்னு சொல்லிட்டுப் போனார், நானும் நம்பிட்டேன். டைல்ஸ் எரியாது, ஆனா பலகை மேலயே ஒட்டினா சூட்டை அப்படியே பலகைக்குக் கொடுத்துடும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. பேத்துப் பார்த்தா பலகை காப்பிப்பொடி நிறத்துல இருக்கு. இப்ப அடுப்பை முன்னாடி இழுத்தாச்சு, சுவத்துலேந்து 1 இன்ச் தள்ளி இரும்புத் தகடு நிறுத்தி, மேலயும் கீழயும் காத்து போக வழி விட்டாச்சு. சுவர் இப்ப சாதாரணமாத்தான் இருக்கு, ஆனாலும் தினமும் படுக்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பாக்காம தூக்கம் வரல.

பதில் 1:
எங்க வீட்ல சுவர் பிரச்சனை இல்லைங்க, புகைக் குழாய். மூட்டு மூட்டா கருப்பா புகைத் தார் ஒழுகி அடுப்பு மேல விழுந்து ஒரே நாத்தம். குழாயைத் தலைகீழா மாட்டியிருந்தாங்க. சுருக்கின முனை கீழ பாத்து அடுப்புக்குள்ள போகணும், அப்பதான் ஒழுகறது உள்ளயே விழும். புகை வெளிய வந்துடும்னு நினைச்சு மேல பாத்து வெச்சுட்டாங்களாம். ஒவ்வொரு மூட்டுக்கும் 3 ஸ்க்ரூ போட்டு மாத்தினோம், நின்னுடுச்சு.

பதில் 2:
ரயில் வர்ற சத்தம். அவ்ளோதான் எனக்கு ஞாபகம். ராத்திரி முழுக்க எரியணும்னு காத்து வழியை இறுக்கி மூடி ஈர விறகைப் புகைய விட்டுட்டே இருந்தோம், ஒரு மாசம் அப்படித்தான். ஒருநாள் காஞ்ச சுள்ளியைப் போட்டு நல்லா எரிய விட்டதும் உள்ள படிஞ்சிருந்த தார் பத்திக்கிச்சு. குழாய் செவந்துடுச்சு, வீடே அதிருது. நான் பக்கெட் தண்ணியைத் தூக்கிட்டு ஓடினேன், அம்மா கையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினாங்க. சூடான புகைபோக்கியில தண்ணி பட்டா வெடிச்சு விரிசல் விட்டுடும், ஆவி நம்ம மேலயே அடிக்கும்னு தீயணைப்புக்காரங்க வந்தப்புறம் சொன்னாங்க. காத்து வழியை மூடிட்டு எல்லாரும் வெளிய போயி நின்னதுதான் நாங்க செஞ்ச ஒரே சரியான காரியம். பதில் 1ல எழுதினவருக்கு: குழாயைத் திருப்பினா ஒழுகல்தான் நிக்கும், தார் நிக்காது. உங்க விறகு ஈரம். அதைப் பாருங்க முதல்ல.

பதில் 3:
எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்க. என் அடுப்பு சுவத்துலேந்து ஒன்றரை அடிதான், மரச்சுவர்தான், தகடு கிகடு எதுவும் கிடையாது. 4 வருஷமா எரிக்கிறேன், ஒன்னும் ஆகல.

பதில் 4:
பதில் 3 சகோ, அந்த "4 வருஷமா ஒன்னும் ஆகல"தான் எனக்கு பயமா இருக்கு. மரம் தினமும் சூடுபட்டா உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கரியாகும், கரியாக ஆக முன்னாடியவிடக் குறைஞ்ச சூட்டுலயே பத்திக்கும். பரிசோதனை முத்திரை இல்லாத அடுப்புக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தோட என்எஃப்பிஏ 211 தரநிலை சொல்றது சுவத்துலேந்து 36 இன்ச், காத்து போற மாதிரி தகடு வெச்சா 12 வரைக்கும் குறைக்கலாம். முத்திரை இருந்தா அதோட கையேட்டுல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு.

என் கதை சின்னதுதான். விடிகாலை கார்பன் மோனாக்சைடு (வாசனையில்லாத விஷவாயு) அலாரம் கத்துது, புகை வாசனையே இல்ல, எனக்கும் வீட்டுக்காரிக்கும் தலைவலி. அடுப்பு அணையற நிலையில வெறும் கங்கு மட்டும் கிடந்திருக்கு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை யாரோ போட்டது போட்டபடி விட்டுட்டோம், அது வீட்டுக் காத்தை இழுத்து, புகைபோக்கியில மேல போக வேண்டிய வாயுவை வீட்டுக்குள்ள திருப்பி விட்டுடுச்சு. அலாரம் இல்லன்னா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அதனால கேக்காமயே சொல்றேன், பொறுத்துக்கோங்க. புகைபோக்கி கூரையைத் தாண்டுற இடத்துலேந்து 3 அடியாவது உசரணும், 10 அடி சுத்துவட்டத்துல இருக்கிற எதையும் விட 2 அடி கூட இருக்கணும், இல்லன்னா காத்தடிக்கிற அன்னிக்கு புகை உள்ள திரும்பும். ஒத்தைத் தகடு குழாயை சுவர் வழியாவோ சீலிங் வழியாவோ விடவே விடாதீங்க, அந்த இடத்துக்கு இன்சுலேஷன் உள்ள இரட்டைக் குழாய்தான். கதவுக்கு முன்னாடி 18 இன்ச்சுக்கு எரியாத தரை வேணும், கங்கு தெறிக்கும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வீட்டுக்கு வெளிய, தள்ளி வைங்க, அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள தணல் நாள்கணக்குல உயிரோட இருக்கும். விறகு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், ஈரம் பாக்குற மீட்டரை வெளிப்பக்கம் குத்தாதீங்க, கட்டையைப் புதுசா பொளந்து அந்த முகத்துல குத்திப் பாருங்க. வருஷம் ஒருதடவை புகைபோக்கியைத் துடைங்க.

பதில் 1:
பதில் 2 அண்ணா, உங்க பேச்சைக் கேட்டு ஒரு கட்டையைப் பொளந்து பார்த்தேன். 34. வெளிய 17 காட்டுச்சு. நீங்க சொன்னதுதான் சரி.

பதிவு போட்டவர்:
பதில் 3 அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒன்னே ஒன்னு கேக்குறேன். இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் எரிஞ்சதும் அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல கை வெச்சு அப்படியே பத்து எண்ணுங்க. எண்ண முடிஞ்சா வந்து சொல்லுங்க, நான் இங்க பேசாம இருக்கேன்.

பதில் 3:
வெச்சேன். மூணு வரைக்கும்தான் முடிஞ்சுது. அடுப்பை அணைய விட்டுட்டேன், பசங்களை இன்னிக்கு முன் ரூம்ல படுக்க வெச்சிருக்கேன். அந்தத் தகட்டை சுவத்துலேந்து தள்ளி நிறுத்த நடுவுல என்ன வெச்சீங்கம்மா, அதை மட்டும் சொல்லுங்க.

பதிவு போட்டவர்:
பீங்கான் உருளை அண்ணா, மரக்கட்டை வெச்சுடாதீங்க. காலைல போட்டோ போடுறேன்.